அளந்த பிறகே டை

சுட்டு முடித்ததும் துப்பாக்கியிலிருந்து வெளியே விழும் பித்தளைக் கூடு, உள்ளே போனபோது இருந்த அளவில் திரும்புவதில்லை. .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாவில் வெடிமருந்து எரியும்போது எழும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் கூட்டின் மெல்லிய சுவர் விரிந்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டுவதால்தான் சூடான வாயு பின்பக்கமாகப் பீறி சுடுபவரின் முகத்தில் அடிக்காமல் இருக்கிறது. அழுத்தம் இறங்கியதும் பித்தளை கொஞ்சம் சுருங்கி எஃகை விட்டு விலகுகிறது. ஆனால் பழைய அளவுக்கு முழுதாகச் சுருங்குவதில்லை. கழுத்து அகன்றிருக்கும், உடல் பருத்திருக்கும், உடல் கழுத்துக்குச் சரியும் இடமான தோளும் பெரும்பாலும் முன்னால் நகர்ந்திருக்கும். புதுக் குண்டை அந்தக் கழுத்தில் வைத்தால் பிடிப்பின்றி உள்ளே விழுந்துவிடும். கூட்டை மறுபடி பயன்படுத்த நினைப்பவர் முதலில் அதைப் பழைய அளவுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். அந்த வேலையைச் செய்யும் எஃகு அச்சுதான் ரீசைசிங் டை.

அமெரிக்காவில் இலக்குச் சுடும் போட்டியாளர்களும் வேட்டைக்காரர்களும் வீட்டு மேசையிலேயே தோட்டாவை மறுபடி நிரப்பிக்கொள்வது தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். இந்தியாவில் அப்படிச் செய்துவிட முடியாது; உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தடை செய்கிறது. தோட்டாவில் இருப்பவை நான்கு பொருள்கள்: கூடு, தீ மூட்டும் பிரைமர், வெடிமருந்து, குண்டு. மற்ற மூன்றும் ஒரே சுடுதலில் தீர்ந்துவிடும். கூடு மட்டும் திரும்பி வரும், அதுவும் பதமாகக் கையாண்டால் பல முறை வரும். இந்தத் தேவையை நம்பியே அமெரிக்காவில் ஒரு தொழில் வளர்ந்தது. ஃப்ரெட் ஹன்டிங்டன் 1943இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஆர்சிபிஎஸ், நியூயார்க் மாநிலத்தின் ரெட்டிங், நெப்ராஸ்காவின் ஹார்னடி, விஸ்கான்சினின் லீ, இலினாயின் ஃபார்ஸ்டர் என்று பல நிறுவனங்கள் டை செய்கின்றன. பெரும்பாலான டைகளின் வெளிமரை ஒரே அளவு: முக்கால் அங்குலத்துக்குச் சற்றுப் பெரிய, எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. ஒரு நிறுவனத்தின் டையை இன்னொரு நிறுவனத்தின் பிரஸ்ஸில், அதாவது கூட்டை டைக்குள் தள்ளும் கைப்பிடி இயந்திரத்தில், தயங்காமல் திருகலாம்.

இந்த வசதியே தேர்வைக் கடைச்சரக்கு விஷயமாக்கிவிட்டது. விலைப்பட்டியலைத் திறந்தால் ஃபுல் லெங்க்த் டை, நெக் டை, புஷிங் டை, காலட் டை, ஸ்மால் பேஸ் டை, பாடி டை என்று வரிசை நீள்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் எது உயர்ந்தது என்று கேட்கிறார். விலை கூடியது உயர்ந்தது என்ற பதில் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. கேள்வியே தப்பு என்பது என் கருத்து. பெரும்பாலான ரைஃபிள்களுக்கு, கூட்டின் உடல், தோள், கழுத்து மூன்றையும் ஒருசேர இறுக்கும் ஃபுல் லெங்க்த் டைதான் பொருத்தம். அதை எவ்வளவு கீழே இறக்குவது என்பதை, அதே துப்பாக்கியில் சுட்ட கூட்டை அளந்துதான் தீர்மானிக்க வேண்டும். கூட்டின் ஆயுளும் தோட்டாவின் நம்பகமும் டையின் வகையைவிட இந்த அளவைத்தான் அதிகம் சார்ந்திருக்கின்றன. சுடுவோரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு நம்பிக்கைக்கு இது எதிரானது என்பதால் காரணங்களை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே பேசும் அளவுகள் எவ்வளவு சிறியவை என்பது முதலில் தெரிய வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை லேத் பட்டறைகளில் தௌ என்பார்கள். மில்லிமீட்டரில் அது சுமார் 0.025. தலைமுடியின் தடிமன்கூட அதைவிடப் பெரிது. .308 போன்ற விளிம்பில்லாத தோட்டா சேம்பருக்குள் எதில் முட்டி நிற்கிறது என்றால், தோளில். தோளின் சரிவில் குறித்த ஓர் இடத்திலிருந்து, சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகம் வரை உள்ள தூரத்துக்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். .308 சேம்பரில் இது குறைந்தது 1.630 அங்குலம். 1.634 அளவுள்ள சோதனைக் கட்டையை உள்ளே விட்டுப் போல்ட் மூடிக்கொண்டால், துப்பாக்கி செய்பவர் அந்தச் சேம்பரைச் சந்தேகத்தோடு பார்ப்பார். நான்கு தௌ வித்தியாசத்துக்கே இந்தக் கவனம். புதுத் தோட்டாவின் தோள் எல்லாச் சேம்பருக்குள்ளும் போக வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலைகள் அதைச் சற்றுக் குட்டையாகவே விடுகின்றன. முதல் முறை சுட்டதும் அந்த இடைவெளியில் பெரும்பகுதியைப் பித்தளை நீண்டு நிரப்புகிறது. இரண்டாவது சுடுதலுக்கு முன்பு அதை மறுபடி எவ்வளவு குட்டையாக்குவது என்பதைத்தான் டையை அமைப்பவர் முடிவு செய்கிறார்.

நெக் டை கட்சியின் வாதம் கேட்க மிக நியாயமாக இருக்கும். சுட்ட கூடு அந்தச் சேம்பரில் வார்த்தெடுத்ததுபோல அச்சு அசலாக இருக்கிறது. அதை ஏன் கெடுப்பது? குண்டைப் பிடிக்கக் கழுத்தை மட்டும் இறுக்கினால் போதும். உடலும் தோளும் சேம்பரை நிறைத்து நிற்கும், தோட்டா ஆடாது, குண்டு குழலின் நடு அச்சில் அமரும், பித்தளைக்கும் அலைச்சல் குறைவு. பெஞ்ச் ரெஸ்ட் போட்டியாளர்களில் பலர் ஒரு காலத்தில் இதையே கடைப்பிடித்தார்கள். மேசைமேல் மணல்மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து ஐந்து குண்டுகளையும் ஏறக்குறைய ஒரே துளையில் போட முயல்கிறவர்கள் அவர்கள். குறி பிசகாமைக்காக எதையும் செய்யத் தயாரானவர்கள் ஒன்றை நம்பினால், மற்றவர்கள் அதைப் பின்பற்றுவது இயல்புதான்.

ஆனால் அந்த வாதம் பித்தளையை ஒரே ஒரு முறை சுட்ட நிலையில் நிறுத்திவைத்துப் பேசுகிறது. முதல் சுடுதலுக்குப் பிறகு கூடு சேம்பரிலிருந்து விலகும் அளவுக்குச் சுருங்கிக்கொள்கிறது. உடலை இறுக்காமல் இரண்டு, மூன்று, நான்கு முறை சுட்டால், ஒவ்வொரு முறையும் மிச்சமாகும் விரிவு சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் போல்ட் மூடும்போது கையில் இறுக்கம் தட்டும். அடுத்த சுற்றில் அது எடை தூக்குவதுபோல ஆகிவிடும். அப்போது நெக் டை ஆதரவாளரும் ஃபுல் லெங்க்த் டையையே தேடிப் போக வேண்டும். ஆக அவரிடம் இருப்பவை இரண்டு வகைக் கூடுகள்: இறுக்கமில்லாதவை, இறுகிக்கொண்டே போகிறவை. ஒவ்வொரு தோட்டாவும் முந்தையதைப் போலவே இருக்க வேண்டும் என்பதுதான் குறி பார்த்துச் சுடுவதன் அடிப்படை. சுற்றுக்குச் சுற்று அளவு மாறும் கூடு அந்த அடிப்படையையே ஆட்டிவிடுகிறது.

சேம்பரை நிறைத்து நிற்கும் கூடு நடு அச்சில் நிற்கும் என்பதும் உறுதியில்லை. எந்தச் சேம்பரும் கணித வட்டமாக இருப்பதில்லை; போல்ட்டின் முகமும் குழலின் அச்சுக்கு எப்போதும் துல்லியமான செங்குத்தில் இருப்பதில்லை. சேம்பரின் சிறு கோணல் கூட்டில் பதிந்துவிடுகிறது. அதே கூட்டை அடுத்த முறை வேறு கோணத்தில் திருப்பி உள்ளே விட்டால், கோணலும் கோணலும் மோதிக்கொள்ளும். சுற்றிலும் ஓரிரு தௌ இடமுள்ள கூட்டுக்கு இந்தச் சிக்கல் வராது. அதன் தோள் சேம்பரின் கூம்பில் போய் அமரும்போது தானாகவே நடுவுக்கு வந்துவிடும். போல்ட்டுக்குப் பலம் கொடுத்து மூடினால் மணல்மூட்டையில் துப்பாக்கியும் அசைகிறது. காற்று மாறுவதற்குள் ஐந்து சுடுதலையும் முடிக்க நினைப்பவருக்கு இது சிறிய இழப்பல்ல. லூயிஸ் பால்மிசானோவும் ஃபெரிஸ் பின்டெல்லும் 1975 வாக்கில் உருவாக்கிய 6 மி.மீ. பிபிசி தோட்டாதான் பெஞ்ச் ரெஸ்ட் களத்தை ஆள்கிறது. அதைச் சுடுகிறவர்களில் இன்று பெரும்பாலோர் ஒவ்வொரு முறையும் முழு உடலையும் இறுக்குகிறார்கள். நெக் டைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட கூட்டமே அதைக் கைவிட்டிருக்கிறது. ஒஹாயோவின் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் நடக்கும் தேசியப் போட்டிகளின் விரைவுச் சுடுதலில், பத்துத் தோட்டாக்களை ஒரு நிமிடத்தில், குப்புறப் படுத்த நிலையென்றால் 70 விநாடியில் சுட வேண்டும். அங்கே இறுகிய போல்ட்டோடு போராடுகிறவர் போட்டியில் நிற்க முடியாது.

இதற்கு எதிராக வரும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஃபுல் லெங்க்த் டை பித்தளையைக் கொன்றுவிடும் என்பது. பார்த்தவர்கள் சொல்வதுதான், பொய்யில்லை. அடிப்பாகத்துக்கு அரை அங்குலம் மேலே கூடு இரண்டாகப் பிய்ந்து, முன்பாதி சேம்பருக்குள்ளேயே மாட்டிக்கொள்வது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் எதனால் பிய்கிறது என்று பார்க்க வேண்டும். தோளை எட்டுப் பத்து தௌ பின்னுக்குத் தள்ளிய கூட்டை உள்ளே விட்டால், அதன் பின்பக்கத்துக்கும் போல்ட்டுக்கும் இடையே அவ்வளவு வெற்றிடம் இருக்கும். சுடும் ஊசி பிரைமரை அடிக்கும்போது தோட்டா முன்னே தள்ளப்பட்டுத் தோளில் முட்டுகிறது. அழுத்தம் ஏறும்போது முன்பக்கத்து மெல்லிய சுவர் முதலில் விரிந்து சேம்பரை இறுகப் பற்றிக்கொள்கிறது. தடித்த அடிப்பாகத்தால் அப்படிப் பற்ற முடியாது. அது பின்னால் தள்ளப்பட்டுப் போல்ட்டில் போய் இடிக்கிறது. நடுவே, தடித்த அடிப்பாகம் முடிந்து மெல்லிய சுவர் தொடங்கும் இடம் நீள்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தத் தூரம் நீண்டு, ஒவ்வொரு முறையும் அந்த இடம் மெலிந்து, வெளியே பளபளப்பான ஒரு வளையம் தெரியும். அதற்கு முன்பே உள்ளே பள்ளம் விழுந்திருக்கும். நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கழுத்து வழியாக விட்டு உட்சுவரில் இழுத்துப் பார்த்தால் அந்தப் பள்ளத்தில் கம்பி தடுக்கும். தடுக்கிய கூட்டை உடனே குப்பையில் போட வேண்டும், அதில் இரண்டாம் யோசனை கூடாது.

ஆக, கூட்டைக் கொல்வது உடலை இறுக்குவது அல்ல, தோளை அளவுக்கு மீறிப் பின்தள்ளுவது. இரண்டும் ஒரே டையில் நடப்பதால் பழி முழுதும் டையின்மேல் விழுகிறது. அதற்கு டையோடு வரும் குறிப்புத்தாளும் ஒரு காரணம். கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையைத் திருகு, பிறகு பிரஸ்ஸின் வளைவை ஈடுகட்ட இன்னும் கால் சுற்று திருகு என்பது வழக்கமாகச் சொல்லும் அமைப்பு. எவருடைய துப்பாக்கியிலும் அந்தத் தோட்டா நுழைய வேண்டும் என்ற பொறுப்பில் நிறுவனம் அதைச் சொல்கிறது, அதில் தவறில்லை. ஆனால் டையின் உள்ளளவு, ஷெல் ஹோல்டரின் உயரம், சேம்பரின் ஆழம் ஆகிய மூன்றிலும் உள்ள சில்லறை வித்தியாசங்கள் ஒரே பக்கமாகக் கூடினால், அந்த அமைப்பு தோளை வேண்டியதற்குப் பல மடங்கு தள்ளிவிடும். மரைக்கணக்கைப் பாருங்கள்: அங்குலத்துக்கு 14 மரை என்றால் ஒரு முழுச் சுற்று 71 தௌ. ஒரு தௌ என்பது ஏறக்குறைய ஐந்து பாகைத் திருப்பம், கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான முள் நகர்வு. கண்மதிப்பில் இதைச் செய்ய முடியாது. ரெட்டிங் நிறுவனம் இரண்டு இரண்டு தௌவாக உயரம் மாறும் ஐந்து ஷெல் ஹோல்டர்களை ஒரு கட்டாக விற்கிறது. டையை அசைக்காமல் ஷெல் ஹோல்டரை மட்டும் மாற்றித் தோளின் இடத்தைக் கட்டுப்படுத்தலாம். டையை நிறுத்தும் பூட்டு வளையத்தோடு சண்டை போடுவதைவிட இது நல்ல வழி.

அளப்பது கடினமான வேலை அல்ல. காலிப்பரில் மாட்டும் கம்பேரட்டர் என்ற சிறு வளையம் தோளின் சரிவில் ஒரு குறித்த விட்டத்தில் உட்காரும். அங்கிருந்து அடிவரை உள்ள நீளத்தைக் காலிப்பர் காட்டும். அந்த எண் தர அளவோடு அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை. சுட்ட கூட்டின் எண்ணுக்கும் இறுக்கிய கூட்டின் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். அளப்பதற்கு முன் பழைய பிரைமரைக் கழற்றிவிட வேண்டும். சுடும் ஊசி குத்திய பள்ளத்தின் விளிம்பு மேலெழும்பி நின்றால் ஓரிரு தௌ பொய் சொல்லும். ஒருமுறை சுட்ட கூடு சேம்பரின் முழு நீளத்தை எட்டியிருக்காது. போல்ட்டில் இறுக்கம் தெரியத் தொடங்கும்வரை சில முறை சுட்ட கூட்டை அளப்பதே சரி. கையால் இயக்கும் போல்ட் துப்பாக்கிக்கு அந்த அளவிலிருந்து ஒன்று இரண்டு தௌ பின்தள்ளினால் போதும். எம்1 காரண்ட், ஏஆர்-15 போன்ற தானியங்கி ஏற்றுத் துப்பாக்கிகளில் மூன்று நான்கு தௌ வேண்டும்; அங்கே போல்ட்டை மூடுவது மனிதக் கையல்ல, சுருள்வில். போல்ட் முழுதாகப் பூட்டாத நிலையில் தோட்டா வெடித்தால் சுடுபவரின் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. அந்த இடத்தில் கூட்டின் ஆயுளைப் பற்றிப் பேசுவதே பொருத்தமில்லை.

அமைக்கும்போது தொடக்கக்காரரைக் குழப்பும் ஒன்றையும் சொல்ல வேண்டும். டையை உயரமாக வைத்துத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவதுதான் முறை. ஆனால் அப்படி இறக்கும்போது, தோள் பின்னுக்கு வராமல் இரண்டு மூன்று தௌ முன்னுக்குப் போய்விட்டதாகக் காலிப்பர் காட்டும். கருவி பழுதில்லை. டையின் சுவர் முதலில் உடலை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட பித்தளைக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை, டையின் தோள் இன்னும் அதைத் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினால்தான் தோள் தோளில் முட்டிப் பின்னுக்கு வரத் தொடங்கும். இது தெரியாமல் பாதியில் நிறுத்துகிறவர், சுட்ட கூட்டைவிட நீளமான கூட்டைச் செய்துகொண்டு, போல்ட் மூடவில்லையே என்று துப்பாக்கியைச் சந்தேகிப்பார்.

விளிம்புள்ள பழைய தோட்டாக்களின் கதை வேறு. 1888இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட .303, இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த லீ-என்ஃபீல்ட் ரைஃபிள்கள் மூலம் இந்தியக் காவல்துறையின் கைகளில் பல பத்தாண்டுகள் இருந்தது. அது தோளில் முட்டி நிற்பதில்லை, பின்விளிம்பில் நிற்கிறது. சேறும் மணலும் படிந்த தோட்டாவும் நுழைய வேண்டும் என்று போர்க்கால சேம்பர்களில் தோளுக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டார்கள். அந்த ரைஃபிளின் போல்ட் பூட்டுவதும் பின்பக்கத்தில். சுடும்போது அது கொஞ்சம் நெகிழ்கிறது. இப்படிப்பட்ட துப்பாக்கியில் சுட்ட கூட்டை ஃபுல் லெங்க்த் டையில் தர அளவுக்கு இறுக்கினால், சில சுற்றிலேயே வளையம் தெரிந்து பிய்ந்துபோகும். கழுத்தை மட்டும் இறுக்குவது இங்கே நியாயமான வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அழுத்தம் குறைவு என்பதால் கூடு இறுகிப்போவதற்கும் நாளாகும். ஆனால் இந்த விலக்கும் சொல்வது, சேம்பரைப் பார்த்து டையை அமை என்பதைத்தான். அடியில் பட்டையுள்ள .300 வின்செஸ்டர் மேக்னத்தில், பட்டையை மறந்துவிட்டுத் தோளை அளந்து ஃபுல் லெங்க்த் டையை அமைத்தால், கூட்டின் ஆயுள் கண்கூடாக நீள்கிறது.

இனி கழுத்து. விலை வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான், பலன் வித்தியாசமும் ஓரளவு இங்கே உண்டு. ஒரு .308 கூட்டின் கழுத்துச் சுவர் 15 தௌ தடிமன் என்று வைத்துக்கொள்வோம். 308 தௌ குண்டை வைத்ததும் கழுத்தின் வெளிவிட்டம் 338. குண்டைப் பிடிக்க இரண்டு தௌ இறுக்கம் வேண்டுமென்றால், குண்டில்லாத கழுத்து 336 இருக்க வேண்டும். சுட்ட கழுத்து 343 என்றால், ஏழு தௌ சுருக்கினால் வேலை முடிந்தது. சாதாரண டை அப்படிச் செய்வதில்லை. எந்த நிறுவனத்தின் எவ்வளவு மெல்லிய பித்தளையையும் பிடிக்க வேண்டும் என்பதால் கழுத்தை 331 வரை நசுக்கிவிட்டு, வெளியே வரும்போது உள்ளே ஓர் உருண்டையை இழுத்து 336க்கு விரிக்கிறது. ஏழு தௌ போதுமான இடத்தில் பன்னிரண்டு உள்ளே, ஐந்து வெளியே, மொத்தம் பதினேழு. அந்த உருண்டை உலர்ந்த கழுத்தில் கீறிக்கொண்டு வரும்போது கழுத்தைக் கோணலாகவும் இழுத்துவிடலாம். புஷிங் டையில் கழுத்தைப் பிடிப்பது ஒரு தௌ வித்தியாசத்தில் கிடைக்கும் சிறு வளையம்; 336 வளையத்தைப் போட்டால் நேராக 336. சுருக்கம் ஐந்து தௌவுக்கு மேல் போனால் இரண்டு வளையங்களை அடுத்தடுத்துப் பயன்படுத்துவது நல்லது. லீ நிறுவனத்தின் காலட் டை வேறு வழியில் போகிறது: நடுவே ஒரு தண்டை வைத்து, நாலாபக்கமும் விரல்கள் கழுத்தைத் தண்டோடு சேர்த்து அழுத்துகின்றன. எண்ணெய்கூட வேண்டாம், கழுத்தும் நேராக நிற்கும். ஆனால் அது தோளைத் தொடாது. உடலையும் தோளையும் மட்டும் இறுக்கும் பாடி டையோடு சேர்த்தால் அது முழு வேலை ஆகும்.

அப்படியானால் புஷிங் டைதானே உயர்ந்தது என்று கேட்கலாம். கழுத்துச் சுவர் சீரான தடிமன் உள்ள நல்ல பித்தளையில், ஆம். ஒரு பக்கம் 13, மறுபக்கம் 16 என்று இருக்கும் மலிவுப் பித்தளையில், வளையம் வெளியைச் சரியாக்கி மேடுபள்ளத்தை உள்ளே தள்ளிவிடும். குண்டு தொடுவது உட்பக்கத்தைத்தான். அங்கே உள்ளிருந்து விரிக்கும் தண்டோ உருண்டையோ இல்லாமல் முடியாது. ஆகவே புஷிங் டை வாங்குமுன் பத்துக் கூடுகளின் கழுத்துச் சுவரை மைக்ரோமீட்டரில் அளந்து பார்ப்பது அவசியம். அதிகச் செலவில்லாத வழிகளும் உண்டு. சாதாரண டையின் உருண்டையை மெருகேற்றி, கழுத்துக்குள் துளி மசகு போட்டால் இழுப்பு வெகுவாகக் குறையும். ஃபார்ஸ்டர் நிறுவனம் தன் டையின் கழுத்தை வாடிக்கையாளர் சொல்லும் அளவுக்குக் கடைந்து கொடுக்கிறது. வேட்டைக்காரருக்கு இதெல்லாம் தேவையா என்றால், தேவையில்லை. அவருக்கு வேண்டியது விடியற்குளிரில் கையுறையோடு போல்ட்டைத் தள்ளினால் மூடிக்கொள்ளும் தோட்டா. அளந்து அமைத்த சாதாரண ஃபுல் லெங்க்த் டை அதைத் தருகிறது. வேட்டைக்குப் போகிறவருக்கு நெக் டையைப் பரிந்துரைப்பதுதான் பொறுப்பற்ற செயல்.

ஸ்மால் பேஸ் டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடிப்பாகத்தை வழக்கத்தைவிட ஓரிரு தௌ கூடுதலாக நெருக்கும் டை அது. வேறொருவரின் அகன்ற சேம்பரில் சுட்ட கூடுகளை விலைக்கு வாங்கியவருக்கும், சேம்பர் மிக இறுக்கமான தானியங்கி வைத்திருப்பவருக்கும் பயன்படும். தானியங்கி என்றாலே ஸ்மால் பேஸ் என்று பழக்கத்தில் வாங்குவது வீண்; பித்தளைக்குக் கூடுதல் உழைப்புதான் மிச்சம்.

இத்தனை அளவுகளையும் நிலையாக வைத்திருப்பது கடைசியில் பித்தளையின் குணம். தோட்டாப் பித்தளையில் 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம். நன்றாக நீளும், வளையும். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் கடினப்படும். பித்தளைக் குடம் அடிக்கும் கன்னார் இடையிடையே அதை நெருப்பில் காட்டி எடுப்பது இதனால்தான். கழுத்து கடினமானால் டை நெருக்கிய பிறகும் கூடுதலாகத் திமிறி விரியும். போன மாதம் 336 கொடுத்த அதே வளையம் இந்த மாதம் 337 கொடுக்கும். தோளும் அப்படியே, அமைத்த இடத்தில் நிற்காது. டை தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் புது டை வாங்குவதற்கு முன், கழுத்தையும் தோளையும் சூடுகாட்டி இளக்கிப் பார்க்க வேண்டும். அடிப்பாகத்தில் மட்டும் சூடு படவே கூடாது. அழுத்தத்தைத் தாங்குவது அதன் கடினம்தான்.

பித்தளைக்குள் தேங்கும் இறுக்கம் என்ன செய்யும் என்பதற்கு இந்திய மண்ணிலேயே சான்று உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், மழைக்காலத்துக்கென்று குதிரை லாயங்களில் சேமித்து வைத்த தோட்டாக்களின் கூடுகள் சுடாமலேயே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாவும் ஈரமும், அச்சில் இழுத்துச் செய்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மிதமான சூட்டில் இறுக்கத்தைப் போக்கினால் வெடிப்பு நின்றுவிடும் என்பதும் தெரிந்தது. ராணுவக் கூடுகளின் கழுத்தில் இன்றும் தெரியும் நீலமும் பழுப்புமான நிறம் அந்தச் சூட்டின் அடையாளம். பதினேழு தௌ அலைக்கும் டை ஏழு தௌ அலைக்கும் டையைவிடக் கழுத்தில் கூடுதல் இறுக்கத்தை விட்டுவைக்கிறது. அதோடு அமோனியா கலந்த மெருகுத் திரவத்தால் கூட்டைத் துடைத்து அலமாரியில் அடுக்கினால், லாயத்தில் நடந்ததை வீட்டில் வரவழைத்துக்கொள்வதாகும்.

மசகைப் பற்றியும் ஒரு வார்த்தை. போதாமல் போனால் கூடு டைக்குள் இறுகி மாட்டிக்கொள்ளும். பிரஸ்ஸின் கைப்பிடியைப் பலமாக இழுத்தால் விளிம்பு பிய்ந்து வரும், கூடு உள்ளேயே நிற்கும். அதிகமானால் தோளில் தேங்கிப் பள்ளம் விழும். கார்பைட் டை வாங்கினால் மசகு வேண்டாம் என்பது கைத்துப்பாக்கித் தோட்டாவின் நேரான கூட்டுக்குத்தான் பொருந்தும். கழுத்துள்ள ரைஃபிள் கூட்டுக்கு எந்த டையிலும் மசகு வேண்டும்.

எவ்வளவு அளந்து அமைத்தாலும் கடையில் வாங்கிய டை ஒத்துவராத துப்பாக்கிகள் உண்டு. சேம்பர் டையைவிட இறுக்கமாக இருந்தால் டை அடிப்பாகத்தைத் தொடாமலே விட்டுவிடும். மிக அகலமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் உடலை அளவுக்கு மீறி நசுக்கும். அப்போது டையைச் செய்வித்துக்கொள்ளலாம். செய்து கொடுப்பவர்கள் முதலில் கேட்பது தோட்டாவின் பெயரை மட்டுமல்ல, அந்தத் துப்பாக்கியில் சுட்ட, இன்னும் இறுக்காத சில கூடுகளையும். அவற்றை அளந்துதான் டையின் உள்ளளவைக் கடைகிறார்கள். குழல் தேய்ந்து புதுக் குழல் மாட்டினாலும் இதேதான்: பழைய சேம்பரைக் கடைந்த அதே ரீமரால் கடைந்திருந்தாலும் ஹெட்ஸ்பேஸ் ஓரிரு தௌ தள்ளித்தான் நிற்கும். பூட்டு வளையத்தைத் தளர்த்தி, டையை மேலே ஏற்றி, புதுக் குழலில் சுட்ட கூட்டைக் காலிப்பரில் வைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.